பீட்டர்சன் மேல் மட்டும் பழி போடாதீர்கள்

"ஏட்ரியன் பீட்டர்சன் பந்தைக் கைநழுவ விட்டதால்தான் மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணி 2009 சீசனில் சூப்பர் பவுல் எனும் இறுதி ஆட்டத்துக்குப் போகும் வாய்ப்பை இழந்தது" என்று சொல்வது சரியல்ல. அந்த சீசனில், பந்தை ஏந்தி ஓடும் ஆட்டக்காரரான அவர் 7 முறை ஃபம்பிள் செய்தார், அதாவது பந்தைக் கைநழுவ விட்டார் என்பது உண்மை. ஆனால் 18 டச்டவுனும் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளிகள்) ஓடியே எடுத்தார்; அணி 16 ஆட்டங்களில் 12 வென்றது.

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுடன் நடந்த அரையிறுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பீட்டர்சன் 122 கெஜம் ஓடி 3 டச்டவுன் எடுத்தார். வைக்கிங்ஸ் ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தது. இரண்டு, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வின் இன்டர்செப்ஷன்கள், அதாவது அவர் எறிந்து எதிரணி பிடித்துக்கொண்ட பந்துகள். அதில் ஒன்று ஆட்ட நேரத்தின் கடைசி நொடிகளில், ஃபீல்டு கோல் (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பி எடுக்கும் 3 புள்ளி) அடிக்கும் தூரத்தை நெருங்கியிருந்தபோது! மீதி மூன்று ஃபம்பிள்களில் ஹார்வின், பெரியன் என்ற சக வீரர்கள் ஆளுக்கொன்று. மூன்றாவது, கோல் கோட்டருகே ஃபார்வ் பீட்டர்சனிடம் பந்தைக் கொடுக்கும்போது தவறியது. பீட்டர்சனுக்கும் பங்குண்டு, ஆனால் கணக்கில் ஃபார்வ் பெயரில்தான் இருக்கிறது. கூடுதல் நேரத்தில் 31-28 என்று தோற்றார்கள்.

ஃபம்பிள் வலிக்காது என்று சொல்லவில்லை. எதிரணிக்கு நல்ல இடத்தில் பந்து கிடைப்பது பெரிய சேதம்தான். ஆனால் அடுத்த சீசனில் அவர் ஒரே ஒரு ஃபம்பிள்தான் செய்தார். அணியோ 6 வெற்றி, 10 தோல்வி.