அடிக்குறிப்பைத் திறந்து பார்த்தவர் யார்?

விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு கட்டுரையின் தலையில் நீக்கல் வார்ப்புரு (இதை நீக்க வேண்டும் என்று சொல்லும் அறிவிப்புப் பெட்டி) விழுந்தால் போதும், முகநூலில் ஸ்கிரீன்ஷாட் சுற்ற ஆரம்பித்துவிடும். "எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்று சொல்ல இவர்கள் யார்?" என்று ஒரு கூட்டம். "கண்டதையும் சேர்த்தால் குப்பைதான் மிஞ்சும், எடுக்கட்டும்" என்று இன்னொரு கூட்டம். பத்து வருடத்துக்கும் மேலாகத் தொகுத்துக்கொண்டிருப்பவன் என்பதால் இரண்டு பக்கத்தாரும் என்னை டேக் செய்வார்கள். இந்த முறையும் செய்தார்கள். கமெண்டில் எழுதினால் அடங்காது, அதனால் தனிப் பதிவு.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் எடுக்கும் உதாரணம் டோனா ஸ்டிரிக்லண்ட். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு அவரைப் பற்றி வந்த வரைவை ஒரு தன்னார்வலர் திருப்பி அனுப்பினார். தனிக் கட்டுரை வைக்கும் தகுதியைக் கொடுத்திருக்கும் சான்றுகள் காட்டவில்லை என்பது காரணம். அதே வருடம் அக்டோபர் 2ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு. மேரி கியூரி, மரியா கோப்பெர்ட் மேயர், அப்புறம் இவர். இயற்பியலில் அதை வாங்கிய மூன்றாவது பெண். லேசர் துடிப்பை முதலில் நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் முறையை 1985இல் அவரோடு சேர்ந்து வெளியிட்ட ஜெரார் மூருவுக்குப் பல வருடமாகவே அங்கே கட்டுரை இருந்தது.

பெண் என்பதால் விட்டார்கள் என்று ஒரு பக்கம் திட்டினார்கள். பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியிருக்கவில்லை, சான்று இல்லாமல் நாங்கள் என்ன செய்வது என்று தொகுப்பாளர்கள் பக்கம் பதில் வந்தது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. கல்வியாளர்களுக்கென்று ஆங்கில விக்கிப்பீடியாவில் தனி அளவுகோல் உண்டு. பெரிய அறிவியல் சங்கம் ஒன்றின் தலைவராக இருந்திருந்தாலே போதும், செய்தித்தாள் துணுக்கு எதுவும் வேண்டாம். ஸ்டிரிக்லண்ட் 2013இல் ஒளியியல் அறிஞர்களின் சங்கமான ஆப்டிகல் சொசைட்டியின் தலைவர். ஆக, விதிப்படியே அவர் உள்ளே வந்திருக்க வேண்டியவர். விதி கடுமையானது என்று பழி போடவும் வழியில்லை. வந்த சான்றுகளின் இனத்தைப் பார்த்தார்கள். பல்கலைக்கழகப் பக்கம், சங்கத்தின் பக்கம், சரி, இதெல்லாம் சார்புள்ளவை என்று தள்ளிவிட்டார்கள். அவை என்ன சொல்கின்றன என்பதற்குள் யாரும் போகவில்லை.

இப்போது எதிர்ப்பக்கம். கோவாவில் பிச்சோலிம் என்று ஒரு ஊர் இருக்கிறது. 2007இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் 'பிச்சோலிம் மோதல்' என்று ஒரு நீண்ட கட்டுரை வந்தது. 1640-41இல் போர்த்துகீசியர்களுக்கும் மராட்டியப் பேரரசுக்கும் நடந்த போராம். வரிக்கு வரி அடிக்குறிப்பு, ஆக்ஸ்போர்டு வெளியீடு, பக்க எண் என்று பார்க்கவே அம்சமாக இருக்கும். சில மாதத்திலேயே 'நல்ல கட்டுரை' என்ற தகுதியும் கிடைத்தது. அங்கே இருக்கும் கட்டுரைகளில் அந்தத் தகுதி பெற்றவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஐந்து வருடம் அப்படியே இருந்தது. 2012 கடைசியில் ஒரு தொகுப்பாளர் அந்தப் புத்தகங்களைத் தேடிப் போனார். முக்கியமானவை உலகத்திலேயே இல்லை. போரும் இல்லை.

இத்தனைக்கும் சிவாஜி முடிசூடியதே 1674இல். 1641இல் அவர் சின்னப் பையன். பேரரசு எங்கிருந்து வந்தது என்று பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தை வைத்தே கேட்டிருக்கலாம். அடிக்குறிப்பு நம்பர்கள் வரிசையாக நிற்கும்போது அந்தக் கேள்வி யாருக்கும் வருவதில்லை. எனக்கும் வந்திருக்காது.

நீக்கலாமா வேண்டாமா என்ற சண்டையையே நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். சான்று இல்லாத பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சுப் பக்கத்தில் (கட்டுரைக்குப் பின்னால் இருக்கும் விவாதப் பக்கம்) மூன்று நாள் மல்லுக்கட்டுகிறோம். சான்று இருக்கிற பக்கத்தில் அந்தச் சான்றை ஒருவராவது படித்தாரா என்று கேட்பதே இல்லை.

படித்தாலும் மாட்டிக்கொள்ளும் இடமும் இருக்கிறது. கோவாட்டி என்று தென்னமெரிக்க விலங்கு ஒன்று, நீளமூக்குக்காரன். 2008இல் ஓர் அமெரிக்க மாணவன் விளையாட்டாக அதற்கு 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று ஒரு வரி சேர்த்தான். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்கப் பிராணி, இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் அந்தப் பெயரை எடுத்து எழுதின. பிறகு அந்தச் செய்தித்தாளையே விக்கிப்பீடியாவில் அந்த வரிக்குச் சான்றாகப் போட்டார்கள். நாம் எழுதியதையே சுற்றி வந்து நம்மிடமே சாட்சி சொல்ல வைப்பது.

தமிழில் கதை வேறு மாதிரி. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அங்கே எழுத வருகிறவர்களுக்குத் தெரிந்த பாதி விஷயத்துக்குச் சான்று கூகுளில் கிடைக்காது. சிறுபத்திரிகையில் இருக்கும், கோயில் விழா மலரில் இருக்கும், மணிவிழா மலரில் இருக்கும். ஈழத்தில் ஒருவர் இறந்தால் நினைவாகச் சிறுநூல் போடுவார்கள், கல்வெட்டு என்றே அதற்குப் பெயர். ஓர் ஊரின் ஆசிரியர்கள், அண்ணாவியார்கள் (கூத்து பழக்குபவர்கள்), வைத்தியர்கள் பெயரெல்லாம் அதில்தான் கிடக்கும். நூலகம் திட்டத்தார் 2005இலிருந்து இதையெல்லாம் மின்வருடி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஈழத்துக் கட்டுரைகளில் எத்தனை சான்று வழக்குகள் அந்த ஒரு தளத்தால் தீர்ந்திருக்கின்றன என்று தொகுப்பவர்களைக் கேளுங்கள். 2011இல் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வட சோத்தோ மொழிகளில் பெரியவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து அதையே சான்றாக வைக்கலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. எனக்கு அதில் அரை மனதுதான். அச்சிட்ட பக்கத்தையே புரட்டாதவர்கள் ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கேட்கவா போகிறார்கள்?

சான்று இணையத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. இதை நான் புதியவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு நான் செய்த காரியத்தையும் எழுதிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாகசுரக் கலைஞரைப் பற்றிப் புதிதாக ஒரு கட்டுரை வந்தது. எட்டு வரி. ஒரே ஒரு அடிக்குறிப்பு: ஒரு கும்பாபிஷேக மலர், பக்கம் 47. பெயரைத் தேடினேன், எங்கும் இல்லை. குறிப்பிடத்தக்கமை ஐயம், அதாவது தனிக் கட்டுரைக்குத் தகுதி உண்டா என்று சந்தேகம் என்று எழுதி நீக்கல் வார்ப்புருவைப் போட்டேன். எழுதியவர் பேச்சுப் பக்கத்துக்கு வந்து ஒரே வரி கேட்டார்: "ஐயா, மலரைப் பார்த்தீர்களா?" இணையத்தில் கிடைக்கவில்லை என்று பதில் போட்டேன். அவர் மறுபடி வரவில்லை. என் பேச்சைக் கேட்டுக் கட்டுரை போனது.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் பரணைச் சுத்தம் செய்து பழைய பேப்பர்காரருக்குப் போட ஒரு கட்டு எடுத்து வைத்திருந்தார். மேலாக இருந்ததே அந்த மலர். "இதைப் போட்றாதீங்க அத்தான்" என்று வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். விழா மலர் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே: முதல் பத்துப் பக்கம் வாழ்த்துரை, அப்புறம் நகைக்கடை, பாத்திரக்கடை, நடுவில் எங்காவது விஷயம். 47ஆம் பக்கத்தைத் திறந்தால் ஓர் அரிசி மண்டிக்காரர் குடும்பத்தோடு கைகூப்பி நிற்கிறார். கலைஞர் பெயரே இல்லை. உள்ளுக்குள் ஓர் அற்ப சந்தோஷம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் போட்ட வார்ப்புரு சரிதான்.

மூடி வைக்கப் போனவன் சும்மா மீதியைப் புரட்டினேன். 74ஆம் பக்கத்தில் அவர் படம். மூன்று பக்கக் கட்டுரை. யாரிடம் பாடம், எந்தெந்தக் கோயில்களில் எத்தனை வருடம், நாகசுரத்தில் வைத்து ஊதும் சீவாளியை எங்கிருந்து வரவழைப்பார் என்பதுவரை. தட்டச்சில் எண் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீக்கிய கட்டுரை எங்கேயும் போய்விடாது, நிருவாகிகள் நினைத்தால் மீட்கலாம். படம் பிடித்து அனுப்பி மீட்கச் சொன்னேன், அன்று இரவே மீட்டார்கள். 47ஐ 74 ஆக்கினேன். எழுதியவரின் பங்களிப்புப் பட்டியலைப் போய்ப் பார்த்தேன். என்னிடம் கேட்ட அந்தக் கேள்விதான் அவருடைய கடைசித் தொகுப்பு. அவர் பேச்சுப் பக்கத்தில் மலரைப் பார்த்துவிட்டேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.