வைத்தியசாலையில் நான் சொன்ன முகவரி

2024 டிசம்பரில் பெரியப்பாவுக்குக் காய்ச்சல். யாழ்ப்பாணத்து வடமராட்சியில், கரவெட்டிப் பக்கம் வயல் செய்கிறவர். வெள்ளம் வடிய முன்னரே வரம்பு பார்க்க இறங்கியிருக்கிறார். மூன்று நாள் பனடோலோடு கிடந்தார். இடையில் ஒரு தனியார் வைத்தியரிடம் ஊசியும் போட்டுக்கொண்டார். கண் மஞ்சளித்து, கெண்டைக்கால் நோவில் எழும்ப முடியாமற் போன பிறகுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். முகவரி கேட்டார்கள். தொடர்புக்கு வசதி என்று நினைத்து, யாழ் நகரிலுள்ள எங்கள் வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் வாசலில் நின்றார். முற்றத்தையும் கிணற்றடியையும் பார்த்தார், வீட்டில் வேறு யாருக்கும் காய்ச்சலா என்று கேட்டார். நோய் பிடித்த இடமோ வடமராட்சியில் இருந்தது. உண்மையைச் சொன்னதும் அவர் கோபிக்கவில்லை. படிவத்தைத் திருத்தி அந்தப் பகுதிப் பணிமனைக்கு உடனே அறிவிப்பதாகச் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சு சுட்டது.

தொற்றுநோய்க் கண்காணிப்பு என்றால் கொழும்பில் கணினிக்கு முன்னால் நடப்பது என்றுதான் பலர் நினைக்கிறோம். அது நோயாளியின் கட்டிலடியில் ஒரு தாளில் தொடங்குகிறது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் தொற்றும் எலிக்காய்ச்சல், டெங்கு, நெருப்புக் காய்ச்சல் (டைபாய்டு) போன்றவற்றில் சந்தேகம் வந்தாலே போதும். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் வைத்தியர் அறிவித்தல் படிவத்தை அனுப்ப வேண்டும். 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் கடமை இது, தனியார் வைத்தியருக்கும் உரியது. படிவம் நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். அங்கே பதிவேட்டில் ஏறும். பரிசோதகர் வீடு தேடிப் போவார். வாரந்தோறும் அந்தக் கணக்கு பிராந்திய தொற்றுநோயியலாளருக்கும் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கும் சேரும். அந்தப் பிரிவின் வாராந்த அறிக்கையில் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு வரி இருக்கிறது. எத்தனை நோயாளர் என்பதோடு, பணிமனைகள் காலத்தோடு அறிக்கை அனுப்பினவா என்பதும் அதில் இருக்கும்.

அந்த டிசம்பரில் வடமராட்சி உட்பட யாழ்ப்பாண மாவட்டத்தில் இளவயதினர் உட்படக் குறைந்தது 7 பேர் காய்ச்சலால் அடுத்தடுத்து இறந்தார்கள். ஊரெல்லாம் மர்மக் காய்ச்சல் என்ற பேச்சு. இறந்தவர்கள் எங்கே இருந்தார்கள், வெள்ளத்தில் இறங்கினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அடுக்கிப் பார்த்தவர்களும், மாதிரிகளைப் பரிசோதித்தவர்களும்தான் அது எலிக்காய்ச்சல் என்று காட்டினார்கள். பிறகு வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்க டொக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கப்பட்டது. ஊர் தெரியாவிட்டால் அந்த மாத்திரையை எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது? என்னைப் போல இன்னும் பத்துப் பேர் நகர முகவரி சொல்லியிருந்தால் வரைபடத்தில் புள்ளிகள் எங்கே விழுந்திருக்கும்?

தனியார் வைத்தியர்கள் மீது எனக்கு மனத்தாங்கல் உண்டு. பெரியப்பாவைப் பார்த்தவர் வயலில் இறங்கினீர்களா என்று கேட்கவில்லை, படிவமும் அனுப்பவில்லை. நோயாளர் கூட்டம் அதிகம் என்ற சாட்டை நான் ஏற்கமாட்டேன். ஒரு தாள் நிரப்பும் நேரத்தைச் செலவழித்தால், அடுத்த வீட்டுக்காரருக்கு நாலு நாள் முன்னதாகவே எச்சரிக்கை கிடைக்கும். மருந்துக் கடையில் காய்ச்சல் என்று சொல்லி இரண்டு நிற மாத்திரை வாங்கிப் போகும் நாங்களும் அந்தக் கணக்கிலிருந்து நழுவி விடுகிறோம். பரிசோதகர் வந்தால் படலையைச் சாத்துவதும், டெங்கு என்று எழுதினால் வழக்குப் போடுவார்கள் என்று பயந்து மறைப்பதும் இங்கே சாதாரணமாகிவிட்டது. வீட்டில் நுளம்புக் குடம்பி கண்டு வழக்கு வருவது உண்மைதான். அதற்காக நோயை மறைத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அல்லவா காய்ச்சல் வரும்?

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். முகவரி திருத்திய மறுநாளே கரவெட்டிப் பரிசோதகர் அவருடைய ஒழுங்கைக்குப் போயிருக்கிறார். மூன்றாவது வீட்டில், அதே வயலில் வேலை செய்த ஒருவர் இரண்டு நாள் காய்ச்சலோடு பாயில் கிடந்தாராம். அன்று மாலையே அவரை வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டார்.