ராம்சர் பட்டியலில் சேர்ந்தால் பள்ளிக்கரணை நம் கையை விட்டுப் போய்விடுமா?

‘சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததால் ஐ.நா. வசம் போய்விட்டது; இனி உள்ளூர்க்காரர்கள் அந்தப் பக்கம் நடக்கக்கூட முடியாது’ என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

ராம்சர் பட்டியல் என்பது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல். 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநிலப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி அது தயாரிக்கப்படுகிறது. அந்த ஒப்பந்தத்தின் 2-ஆம் பிரிவே, பட்டியலில் சேர்ப்பதால் அந்த நாட்டின் இறையாண்மை உரிமை பாதிக்கப்படாது என்கிறது. 2022-இல் பட்டியலில் சேர்ந்த பிறகும் பள்ளிக்கரணையைப் பராமரிப்பது தமிழக வனத்துறைதான். காப்புக்காட்டுப் பகுதிக்குள் நினைத்தபடி இறங்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்தத் தடை நம் நாட்டு வனச்சட்டத்திலிருந்து வருவது. அதே ஆண்டு பட்டியலில் சேர்ந்த பிச்சாவரத்தில் சுரபுன்னைகளுக்கிடையே படகுச் சவாரி இன்றும் நடக்கிறது. வேடந்தாங்கலும் அப்படித்தான், பருவத்தில் யாரும் போய்ப் பறவை பார்க்கலாம்.

பள்ளிக்கரணையின் சூழல் பூங்காவில் நடைபாதை இருக்கிறது. காலையில் போய்ப் பாருங்கள்: நீலத் தாழைக்கோழி சம்புத் தண்டைப் பிடுங்கி, நீண்ட சிவப்பு விரல்களால் பற்றிக்கொண்டு, கரும்பு தின்பதுபோலக் கடிக்கும். நாமக்கோழிகள் நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நீந்தும். இந்த நிலத்தைச் சுருக்கியவை குப்பைக் கொட்டலும் ஆக்கிரமிப்புமே. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள்.