கிட்னி கழுவ வந்த புண்ணியவான்களுக்கு

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இதற்குள் யாராவது அனுப்பியிருப்பார்கள். ஆகவே யார், எந்த மண்டபம் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் அவர்களுக்கு விளம்பரம். எனக்கு எரிச்சல் வந்தது ஒரு இடத்தில்தான். வரிசையாகக் கதிரை போட்டு வயதானவர்களை இருத்தியிருக்கிறார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களாம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கப். அதற்குள் காமரங்காய்ச் சாறும் பிலிம்பிக்காய்ச் சாறும். "இதைக் குடித்தால் கிட்னி கழுவுப்படும். கிளினிக் குளிசையை இன்றோடு விடுங்கள், அதுதான் உங்கள் கிட்னியைத் தின்கிறது" என்கிறார் மைக் பிடித்தவர். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா தலையாட்டிக்கொண்டே குடிக்கிறார். இரண்டு காலும் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருப்பது கமராவிலேயே தெரிகிறது.

கைதட்டல் வேறு.

அதன் கீழே நான் எழுதியது இரண்டே வரி. சீனி வருத்தக்காரருக்கும் கால் வீங்கியவர்களுக்கும் இந்தச் சாறு கொடுக்காதீர்கள், ஆபத்து என்று. அதற்கு வந்த மறுமொழிகளையும் பார்த்திருப்பீர்கள். மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு வியாபாரம் படுத்துவிடும் என்ற பயமாம். மருந்துக் கம்பனிகளின் கைக்கூலியாம். என் சம்பளத்தைக் கண்டால் எந்தக் கம்பனியும் வெட்கத்தில் தலைகுனியும், அது வேறு கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். எங்கள் சனம் பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவதில்லை. கிட்னியைக் காப்பாற்றுகிற குளிசையைக் கண்டு நடுங்குகிறது, கிட்னியைக் கெடுக்கிறதைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறது.

முதலில் அந்தச் சாறு. காமரங்காயிலும் பிலிம்பிக்காயிலும் ஒக்சலேட் என்ற ஒரு வகை உப்பு நிறைய இருக்கிறது. மீன் கறிக்குள் நாலு பிலிம்பி போடுவது வேறு, கப் கணக்கில் பிழிந்து வெறும் வயிற்றில் ஊற்றுவது வேறு. ஒக்சலேட் இரத்தத்தில் ஏறி, கல்சியத்தோடு சேர்ந்து, சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களுக்குள் பளிங்குத் துகளாகப் படிந்து அடைத்துவிடும். கேரளாவில் கொலஸ்ட்ரோல் குறையும் என்று பிலிம்பிச் சாறு குடித்த பத்துப் பேருக்குக் கிட்னி திடீரென்று செயலிழந்ததை 2013 இல் அங்குள்ள வைத்தியர்கள் எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். அதில் ஏழு பேருக்கு டயலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. எங்கள் நாட்டிலும் காமரங்காயால் கிட்னி பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது.

ஏற்கெனவே கிட்னி பலவீனமானவர்களுக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. காமரங்காயில் கரம்பொக்சின் என்று ஒரு நரம்பு நஞ்சு இருக்கிறது. நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும். பழுதான கிட்னியால் முடியாது. முதலில் விக்கல் வரும், நிற்காது. பிறகு புத்தி தடுமாறும், வலிப்பு வரும். செத்தவர்களும் இருக்கிறார்கள். நாங்களோ விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்துவிட்டு நம் பாட்டில் இருந்துவிடுவோம்.

"அது இயற்கையான சாமான்தானே" என்று கேட்பவர்களுக்கு: ஈஸ்வரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் இயற்கைதான். அவை அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடிகள். அந்த இனத்து மூலிகையொன்று உடம்பு மெலியக் கொடுத்த மருந்துக்குள் கலந்துபோய், பெல்ஜியத்தில் பெண்கள் பலருக்குக் கிட்னி போனது 1993 இல் வெளியே வந்தது. பின்னாட்களில் அவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நாகபாம்பின் விஷமும் இயற்கைதான், கப்பில் ஊற்றிக் கொடுங்களேன்.

இப்போது, "கிட்னியைத் தின்னும்" என்று அவர் சொன்ன கிளினிக் குளிசை. பிறஷருக்கு லோசாட்டன், எனலப்பிரில், சீனிக்கு மெட்ஃபோமின். மட்டக்களப்பு, அம்பாறையில் சீனி, பிறஷர் கிளினிக்குக்குப் போகிற எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் இவற்றில் ஒன்றாவது இருக்கும். லோசாட்டன் சீனி வருத்தக்காரரின் கிட்னி பழுதாவதைத் தாமதப்படுத்தும் என்று 1500 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு 2001 இலேயே வந்துவிட்டது. முற்றாகச் செயலிழக்கும் நிலைக்குப் போகிறவர்கள் அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தார்கள். மெட்ஃபோமின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கெனவே கெட்டிருந்தால் அது உடம்பில் தேங்கி இரத்தத்தில் அமிலம் ஏறலாம் என்றுதான் டொக்டர் அளவைக் குறைக்கிறார், கடைசியில் நிறுத்துகிறார். அதைப் பார்த்துவிட்டு "குளிசையால்தான் கிட்னி போனது, அதுதான் டொக்டரே நிறுத்திவிட்டார்" என்று கதை கட்டுகிறார்கள். கிட்னியைக் கெடுத்தது கட்டுப்பாடில்லாமல் ஏறிக் கிடந்த சீனியும் பிறஷரும். பழி குளிசைக்கு.

சரி, கெடுக்கிறது எது? நான் நிற்கிற கவுண்டருக்கு வந்து பாருங்கள். கடை களுவாஞ்சிகுடிப் பக்கம். அறுவடை காலத்தில் பட்டிருப்புப் பாலம் தாண்டி வருகிற படுவான்கரை ஆட்கள் டொக்டர் எழுதிய துண்டு எதுவும் இல்லாமல் கேட்பது ஒன்றுதான். "மனே, அந்த நாரி வலிக் குளிசை ரெண்டு காட் தா." டிக்ளோபெனாக். கிளினிக் கொப்பி இருக்கிறதா என்றால் "அது வீட்ட கிடக்கு, நீ தா மனே, வட்டைக்குப் போகோணும்" என்பார்கள். இல்லை என்றால் கோபம். அடுத்த கடையில் கொடுப்பார்களாம். அடுத்த கடையில் உண்மையாகவே கொடுப்பார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

என்னுடைய சொந்த மாமாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவின் தம்பி. வெல்லாவெளிப் பக்கம் வயல். பிறஷருக்கு லோசாட்டன், கால் வீக்கத்துக்குத் தண்ணீர் போக ஃபுரூசமைட், இரண்டும் கிளினிக்கில் கொடுத்தது. மெட்ஃபோமினை மட்டும் யாரோ சொன்னதைக் கேட்டு, கிட்னிக்குக் கூடாது என்று வாடிக் கூரையில் செருகி வைத்திருந்தார். பெரும்போக அறுவடை, கொளுத்துகிற வெயில், சரியாகத் தண்ணீர் குடிப்பதில்லை, அதற்கு மேல் நாரி வலி. காலையும் மாலையும் டிக்ளோபெனாக். பிறகு வயிற்றோட்டமும் வந்தது. சலம் குறைந்து குறைந்து, ஒரு நாள் முழுக்கப் போகவே இல்லை. மாமி வெயில் சூடென்று நினைத்து இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கிட்னி கெடக் கெட இரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் எட்டைத் தாண்டியிருந்தது.

நடந்தது இதுதான். சிறுநீரகத்துக்குள் இரத்தம் போகிற குழாயை விரித்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலிக் குளிசை அதை உண்டாகவிடாது, உள்ளே போகிற வழி சுருங்கும். லோசாட்டன் வெளியே போகிற வழியைத் தளர்த்தி வைத்திருக்கும். ஃபுரூசமைட் உடம்புத் தண்ணீரை இறக்கிவிடும். குளத்தில் தண்ணீர் இல்லை, மேல் மதகைப் பூட்டியாயிற்று, கீழ் மதகு திறந்தே கிடக்கிறது. வாய்க்காலில் என்ன ஓடும்? லோசாட்டன் மட்டும் என்றால் அவருக்கு நன்மைதான். மூன்றும் சேர்ந்து, வெயிலும் வயிற்றோட்டமும் சேர்ந்தபோதுதான் கிட்னி கையை விரித்தது. ஓட்டமும் வாந்தியும் கடுமையாக வந்தால் அந்த நாட்களுக்கு லோசாட்டனையும் தண்ணீர்க் குளிசையையும் நிறுத்தி வைப்பதா என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். அது வேறு, மண்டபத்தில் மைக் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் நிறுத்தச் சொல்வது வேறு.

மாமாவுக்குச் சில தடவை டயலிசிஸ் செய்தார்கள். பிழைத்தார். கிட்னி பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. ஊரில் இன்றைக்கும் சொல்வது என்ன தெரியுமா? "பிறஷர் குளிசை குடிச்சுத்தான் மனுசனுக்கு இப்படி ஆயிட்டு." டிக்ளோபெனாக்கை ஒருவரும் பேசுவதில்லை. அது மருந்தே இல்லை, தேத்தண்ணி மாதிரி.

காய்ச்சலுக்கும் இதே கதைதான். எங்கள் பக்கம் வயலில் நிற்பவருக்கு எலிக்காய்ச்சல், ஊருக்குள் இருப்பவருக்கு டெங்கு. எலிக்காய்ச்சல் தானாகவே கிட்னியைத் தாக்கும். டெங்குவில் வலிக் குளிசை போட்டால் இரத்தப் பெருக்குக்கு வழி திறந்துவிடும். பனடோலை அளவோடு குடியுங்கள் என்றால், "அது கேட்குதில்ல, பவரா ஒண்டு தா."

"அப்படியென்றால் ஆஸ்பத்திரி மருந்தால் கிட்னிக்கு ஒன்றும் வராதா?" என்று ஒரு ஐயா நக்கலாகக் கேட்டிருந்தார். நான் எங்கே ஐயா அப்படிச் சொன்னேன்? கிருமிகளைக் கொல்லப் போடுகிற ஜென்டமைசின் ஊசியால் வரும், அதனால்தான் கிட்னி ரிப்போர்ட் பார்த்து அளவு போடுகிறார்கள். வயிற்றெரிச்சலுக்குக் கச்சான் கொறிப்பது மாதிரிக் கொறிக்கிற ஒமிப்பிரசோலால் கூட, அபூர்வமாக, கிட்னிக்குள் ஒவ்வாமை அழற்சி வரும். 1937 இல் அமெரிக்காவில் ஒரு பாணி மருந்தில் டைஎதிலீன் கிளைகோல் கலந்து நூற்றுக்கு மேற்பட்டோர் கிட்னி செயலிழந்து செத்தார்கள். 2022 இல் காம்பியாவில் எழுபது பிள்ளைகளளவில் செத்ததற்கும், இருமல் பாணியில் அதே விதமான நஞ்சு கலந்திருந்ததே காரணமென்று சந்தேகிக்கப்பட்டது. மருந்து நஞ்சாகும் என்பதை எனக்கு நீங்கள் படிப்பிக்கத் தேவையில்லை. எந்த மருந்து, யாருக்கு, எதனோடு சேர்த்து என்றுதான் நான் தொண்டை வறளக் கத்துகிறேன்.

"கிளைபோசேட்டைப் பற்றி ஏன் பேசவில்லை?" வயலுக்கு அடிக்கிற களைநாசினிதானே, பேசலாம். அம்பாறை மாவட்டத்துத் தெஹியத்தகண்டியில் காரணம் தெரியாத கிட்னி நோய் இருக்கிறது, அநுராதபுரம், பொலன்னறுவையில் அதைவிட அதிகம். 2015 இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள், 2022 இல் தடையை எடுத்துவிட்டார்கள். வெப்பமா, தண்ணீரா, நாசினியா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். உங்கள் சாறு அதில் எதைக் கழுவும்?

வயலுக்கு எண்ணெய், அதாவது நாசினி, தெளிப்பதற்குப் பயப்படுகிற வீட்டிலேயே, கல்யாணப் பொம்பிளைக்கு லேபல் இல்லாத வெள்ளைக் கிரீமும் வாங்கி வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் இன்னும் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். வெளுக்க வைக்கிற கிரீம்கள் சிலதில் பாதரசம் இருக்கிறது. தோலால் உள்ளே போகும். கேரளாவின் கோட்டக்கல்லில் சிறுநீரில் புரதம் கொட்டி உடம்பு வீங்கி வந்தவர்களை விசாரித்தபோது பலர் அப்படிக் கிரீம் பூசியவர்கள் என்று 2023 இல் தெரிய வந்தது. பூசுவது முகத்துக்கு, வீங்குவது கால். முடி நேராக்கப் பூசுகிற சில கிரீம்களில் கிளையொக்சிலிக் அமிலம் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு சலூனுக்குப் போன ஒவ்வொரு தடவையும் கிட்னி அடிவாங்கி, மூன்றாம் தடவைக்குப் பிறகே இன்னதென்று பிடிபட்டது. 2024 இல் வெளிவந்த செய்தி. அந்த அமிலம் உடம்புக்குள் போய் ஒக்சலேட்டாக மாறுகிறதாம். அதே ஒக்சலேட். தலையிலும் பூசலாம், கப்பிலும் குடிக்கலாம்.

ஒரு குற்றச்சாட்டை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். கிளினிக்கில் யாரும் விளக்கம் சொல்வதில்லை என்றீர்கள். உண்மை. விடியப் போய் நம்பருக்கு இருந்து, மத்தியானம் டொக்டர் முன்னால் நிற்பது கொஞ்ச நேரம். எந்தக் குளிசை எதற்கு என்று சொல்ல அவருக்கும் நேரமில்லை, கேட்க எங்கள் ஆட்களுக்கும் துணிவில்லை. மைக் பிடித்தவர் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக் கதைக்கிறார், சனம் நம்புகிறது. இதில் எனக்கு மறுபேச்சில்லை.

ஆனால் கைக்கூலி என்றீர்களே, அது வலித்தது. துண்டில்லாமல் கேட்கிற வலிக் குளிசையைக் கொடுத்தால் கடைக்கு லாபம். கொடுக்காமல் திருப்பி அனுப்பி முதலாளியிடம் பேச்சு வாங்குகிறவளைப் பார்த்து வியாபாரம் என்கிறீர்கள். எழுதியவர்களில் எனக்குப் படிப்பித்த ஒரு சேரும் இருக்கிறார். அவருக்கு என்ன சொல்ல? ஒன்றும் சொல்லவில்லை, லைக் போட்டுவிட்டு வந்தேன்.

கொமென்ட் பெட்டியைப் பூட்டப் போவதில்லை. வசைபாட வருகிறவர்கள் வாருங்கள். வருமுன் உங்கள் அப்பா, அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்துக் கடைசியாகக் கிரியாட்டினின் எவ்வளவு இருந்தது என்று பார்த்துவிட்டு, தலையணைக்குக் கீழே எத்தனை காட் டிக்ளோபெனாக் கிடக்கிறது என்றும் எண்ணிக்கொண்டு வாருங்கள். இரண்டையும் எழுதினால் மறுமொழி தருவேன்.