திரை இழுக்கவும் ஆள் வேண்டும்

புதிதாக உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையும் பிள்ளைகளை வரவேற்கிறோம் என்று ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசுகிறோம். விதிமுறைகள், கால அட்டவணை, "இனிமேல்தான் உண்மையான படிப்பே" என்ற மிரட்டல். அப்புறம் கடைசி ஐந்து நிமிடத்தில், மற்ற திறமைகளையும் வளர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி. எந்த மன்றம் எந்த அறையில் கூடுகிறது, யாரைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது நாடகத்துக்கு ஆள் எடுத்தார்கள். போனேன். ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார்கள். மூன்றாவது வரியிலேயே குரல் கம்மிவிட்டது. "சரி, அடுத்து யாரு?" என்று முடித்துவிட்டார் பொறுப்பாசிரியர். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தவனை பதினோராம் வகுப்பு அண்ணன் ஒருவர் நிறுத்தி, மேடையோரம் தொங்கிய கயிற்றைக் காட்டினார். "இதை இழுக்க ஆள் இல்ல தம்பி. வர்றியா?"

அந்தப் பள்ளியில் எனக்குக் கிடைத்த உருப்படியான வரவேற்பு அதுதான்.

திரை இழுப்பது சும்மா இல்லை. வெடுக்கென்று இழுத்தால் கயிறு கப்பியில் சிக்கித் திரை பாதியில் நிற்கும். மெதுவாக இழுத்தால், செத்துக் கிடக்கும் ராஜா எழுந்து வேட்டியைச் சரிசெய்வது முதல் வரிசைக்குத் தெரிந்துவிடும். (தெரிந்தது. தலைமையாசிரியரே சிரித்தார்.) சரியான நொடியில் இழுக்க வேண்டுமென்றால் எந்த வசனத்தில் காட்சி முடிகிறது என்று காது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மாத ஒத்திகையில் நாடகம் முழுவதும் எனக்கு மனப்பாடம். மறுவருடம் பக்கத் தட்டிக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலைக்கு உயர்ந்தேன். கடைசிவரை நடிக்கவில்லை. வருத்தமும் இல்லை.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானைப் பள்ளி அணியில் சேர்க்காமல் துரத்திவிட்டார்கள் என்று ஊக்கப் பேச்சாளர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். யாரும் துரத்தவில்லை. 1978-ல் அவர் படித்த லேனி உயர்நிலைப் பள்ளியில் முதன்மை அணியில் இடம் கிடைக்கவில்லை, அதற்கு அடுத்த நிலை அணியில் போட்டார்கள். அங்கே அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார். அவருடைய விடாமுயற்சியை எல்லாரும் பேசுகிறார்கள். என் கண்ணுக்கு அந்த இரண்டாவது அணிதான் பெரிதாகத் தெரிகிறது. தேர்வாகாத பிள்ளை மறுநாள் மாலை போய் நிற்க ஓர் இடம் இருந்ததே! நம் பள்ளிகள் பலவற்றில் அது கிடையாது. ஏற்கெனவே பாட்டுக் கற்றவள் பாட்டுப் போட்டிக்குப் போவாள், ஏற்கெனவே ஓடத் தெரிந்தவன் ஓடுவான், எல்லா மேடையிலும் அதே நாலு முகங்கள். மற்றவர்கள் கைதட்ட.

பெற்றோரின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆறு மன்றத்தில் பெயர் கொடுத்துச் சான்றிதழ் சேர்க்கும் பிள்ளைக்குப் படிப்பும் போகும், தூக்கமும் போகும். 13 முதல் 18 வயது வரை நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அதில் கை வைக்காமல் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். ஆனால் முதல் மாதம் நாலு இடம் நுழைந்து பார்க்கட்டும், விட்டுவிட்டும் வரட்டும். அதற்குள் "உனக்கு எதிலும் நிலையான புத்தி இல்லை" என்று ஆரம்பிக்காதீர்கள்.

சீனியர்களுக்கும் ஒன்று. வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளையிடம் "பேரை எழுதிட்டுப் போ, கூப்பிடுறோம்" என்று சொல்லாதீர்கள். கூப்பிட மாட்டீர்கள் என்று அதற்கும் தெரியும். ஸ்கோர் எழுதச் சொல்லுங்கள், நாற்காலி போடச் சொல்லுங்கள், ஒன்றுமில்லையா, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பையாவது கையில் கொடுங்கள்.