பிளெண்டருக்கே பூட்டுப் போட்டார்கள்

2018 ஜூனில் பிளெண்டரின் யூடியூப் சேனலுக்குப் போனவர்களுக்கு ஒரு வீடியோவும் ஓடவில்லை. உலகம் முழுக்க அடைப்பு. முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளை இலவசமாகக் கொடுப்பவர்கள், சேனலில் விளம்பரமே வேண்டாம் என்று இருந்தவர்கள். யூடியூபின் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதில் வந்த வினை. அதே நாட்களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடங்களும் காணாமல் போயின. சில நாட்களில் எல்லாம் திரும்பி வந்தது, சரி. ஆனால் பிளெண்டர்காரர்கள் அதற்குள், சொந்தமாக வீடியோ தளம் நடத்த உதவும் பீர்ட்யூபில் தங்களுக்கென்று ஓர் இடம் போட்டுவிட்டார்கள்.

பீர்ட்யூபை யூடியூபுக்குப் போட்டி என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அது தளமே இல்லை, மென்பொருள். பிரான்சின் ஃபிரமாசாஃப்ட் என்ற சின்ன அமைப்பு, 2018இல் ஊரெல்லாம் கை நீட்டி 53 ஆயிரம் யூரோ சேர்த்து, அதுவரை சோதனையில் இருந்ததை அக்டோபரில் முதல் முழுப் பதிப்பாக விட்டது. யாரும் தன் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். ஒரு சர்வரின் சேனலை இன்னொரு சர்வரிலிருந்து பின்தொடரலாம். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் இருந்தபடியே நீங்கள் எழுதும் பதில் வீடியோவுக்குக் கீழே கருத்தாக வந்து நிற்கும்.

ஒரே வீடியோவை நூறு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால், அவர்களுடைய பிரௌசர்களே துண்டு துண்டாகப் பரிமாறிக்கொண்டு சர்வரின் சுமையைக் குறைக்கும். நல்ல யோசனைதான், நூறு பேர் வந்தால்! எங்களுக்கு வந்தது நாலு பேர்.

எங்கள் ஊர்த் தெருக்கூத்தை மூன்று மணி நேரம் பதிவு செய்திருந்தோம். ஒரு பெரிய தளத்தில் ஏற்றினோம். முகவீணை வாசிப்புக்கு முகம் தெரியாத ஒரு கேசட் கம்பெனி உரிமை கோரியது. முறையிட்டுப் பார்த்து அலுத்துப்போய், மாத வாடகைக்கு இரண்டு கோர் சர்வர் ஒன்றைப் பிடித்து பீர்ட்யூப் போட்டோம். வீடியோவை வெவ்வேறு தரத்தில் மாற்றி முடிக்க அது விடிய விடியத் திணறியது. மூல வீடியோ, அதற்கு மூன்று நகல் என்று டிஸ்க்கில் பாதி போனது. கட்டற்ற மென்பொருள் என்று பெருமையாகப் பேசுகிறோம், டிஸ்க்குக்கு யார் காசு கொடுப்பது என்ற பேச்சு வந்தால் எல்லாரும் மெல்ல நழுவுகிறோம். நானும்தான்.

பெரியப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, வீடியோவுக்குப் பக்கத்துல வேற கூத்து ஒண்ணும் வரலியே?" இருந்ததே அந்த ஒன்றுதான், பெரியப்பா.

கூத்து வாத்தியாரின் பேரன் அதையெல்லாம் கேட்கவில்லை. டவுன்லோடு பொத்தானைத் தேடி அழுத்தி, பென்டிரைவில் ஏற்றித் தாத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.