முத்திரை ஆய்வாளரும் ஒரு டெராபைட்டும்

(சென்னை ரிட்சி தெரு. மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் திரும்பி நிற்கும் அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. உள்ளே வரும் பெரியவர் தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தவர், அதாவது கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், கண் இன்னும் பணியில் இருக்கிறது.)

பெரியவர்: இந்தக் கடைக்கு முதலாளி யார் தம்பி?

தம்பி: நான்தான் சார்.

பெரியவர்: நல்லது. போன வாரம் உன்னிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். இதோ பெட்டி, இதோ டிஸ்க், இதோ பில். பெட்டியில் 1 டெராபைட் என்று போட்டிருக்கிறது. ஒரு டெராபைட் என்றால் எத்தனை ஜிபி?

தம்பி: (யோசிக்காமல்) ஆயிரம் சார்.

பெரியவர்: வாக்குமூலம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால் 931 தான் காட்டுகிறது. மீதி 69 எங்கே?

தம்பி: எல்லாருக்கும் அப்படித்தான் சார் காட்டும்.

பெரியவர்: எல்லாருக்கும்தான் குறைத்தேன் என்று சொன்னால் அபராதம் குறையாது தம்பி, கூடும். ஒரு மண்ணெண்ணெய்க் கடைக்காரன் என்னிடம் இதையேதான் சொன்னான்.

தம்பி: அது வந்து சார், ஃபார்மேட் பண்ணும்போது கொஞ்சம் போய்விடும்.

(கேட்பவர் அடுத்த கேள்வி கேட்காமல் போவதற்காகவே இந்தத் தெருவில் எல்லாரும் சொல்லும் பதில் இது. நூற்றுக்கு தொண்ணூறு பேர் போய்விடுவார்கள். வந்திருப்பவர் அந்தப் பத்தில் ஒருவர்.)

பெரியவர்: ஃபார்மேட்டில் போனது தனியாகத் தெரியாதா? நான் டிஸ்க்கில் ஒரு ஃபைல் கூட இன்னும் போடவில்லை. பிராப்பர்ட்டீஸ் திறந்து பார்த்தேன். 'யூஸ்டு' என்று ஒரு வரி இருக்கிறது, அதில் ஒரு ஜிபி கூட இல்லை. 'கெப்பாசிட்டி' என்ற வரியே 931 என்கிறது. பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டது வேறு, பாத்திரமே சின்னது என்பது வேறு. எது என்று சொல்.

தம்பி: (நாற்காலியைத் துடைத்துப் போடுகிறான்) உட்காருங்கள் சார். டீ சொல்லட்டுமா?

பெரியவர்: டீ கொடுத்தவர்கள் மீதெல்லாம் கேஸ் போட்டிருக்கிறேன். சர்க்கரை இல்லாமல் சொல்.

தம்பி: சார், உங்கள் கையில் இருக்கிற டிஸ்க்கின் ஸ்டிக்கரைப் பாருங்கள். எல்பிஏ என்று போட்டு ஒரு நீள எண் இருக்கும்.

பெரியவர்: (பூதக்கண்ணாடி எடுக்கிறார், சட்டைப் பையிலிருந்து) 1953525168.

தம்பி: அத்தனை செக்டார், அதாவது தகவல் வைக்கிற சின்னச் சின்ன அறை, அதில் இருக்கிறது. ஒவ்வொன்றும் 512 பைட். பெருக்கிப் பாருங்கள்.

பெரியவர்: கால்குலேட்டர் என்னுடையது, உன்னுடையது வேண்டாம். (தட்டுகிறார், இன்னொரு முறை தட்டுகிறார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டுகிறார்) தம்பி, இது... ஒரு லட்சம் கோடியே 20 கோடியே 48 லட்சத்து 86 ஆயிரத்து 16 என்று வருகிறதே.

தம்பி: ஒரு டெராபைட் என்றால் ஒரு லட்சம் கோடி பைட். அதற்கு மேலே இருக்கிற 20 கோடி சொச்சம்...

பெரியவர்: கொசுறா?

தம்பி: கொசுறுதான் சார்.

(நீண்ட மௌனம். அளவு குறைந்தவனைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்த மனிதர், கூடப் போட்டுக் கொடுத்த வியாபாரியை முதன்முதலாகச் சந்தித்தால் என்ன செய்வது என்று சட்டத்தில் பிரிவு இல்லை.)

பெரியவர்: அப்படியென்றால் சரக்கு சரியாகத்தான் இருக்கிறது. அப்போது குறைத்துக் காட்டுவது யார்?

தம்பி: விண்டோஸ் சார். அது 1000-க்குப் பதில் 1024-ஆல் வகுக்கிறது. 1024 பைட் ஒரு கேபி, 1024 கேபி ஒரு எம்பி, 1024 எம்பி ஒரு ஜிபி. அந்தக் கணக்கில் ஒரு ஜிபிக்கு 107 கோடியே 37 லட்சத்து சொச்சம் பைட் வேண்டும். டிஸ்க் செய்தவர் 100 கோடி போட்டு ஒரு ஜிபி என்றார். உங்கள் டிஸ்க்கில் உள்ளதை அந்த 107 கோடியே 37 லட்சத்து சொச்சத்தால் வகுத்தால் 931 வரும். ஒரு பைட் கூட எங்கேயும் போகவில்லை.

பெரியவர்: இரு, இரு. 1024 கிராம் இருக்கிற கல்லில் 1 கிலோ என்று எழுதி வைத்திருக்கிறான், அதை வைத்து நிறுத்துவிட்டு மூட்டையில் குறைகிறது என்கிறான். அதுதானே?

தம்பி: அதேதான் சார்.

பெரியவர்: தப்பு மூட்டையில் இல்லை, கல்லில்! (மேசையைத் தட்டுகிறார், ஒரு மவுஸ் கீழே விழுகிறது) ஆனால் கிலோவுக்கு 24 தானே கூடுதல், நூற்றுக்கு இரண்டரை கூட இல்லை. எனக்கு ஆயிரத்தில் 69 போயிருக்கிறதே?

தம்பி: ஒவ்வொரு படியிலும் மறுபடி 1024 சார். கேபியில் வித்தியாசம் 2.4 சதவீதம், எம்பியில் கிட்டத்தட்ட 5, ஜிபியில் 7-க்கு மேல், டெராபைட் என்று வந்தால் ஏறக்குறைய 10. டிஸ்க் பெரிசாகப் பெரிசாகக் குறை பெரிசாகத் தெரியும்.

பெரியவர்: கிலோ என்றால் ஆயிரம். அதற்குத்தான் 1956-ல் சட்டம் போட்டு, சேரையும் மணங்கையும் வீசையையும் ஒழித்துக் கட்டினோம். இவனுக்கு 1024 எங்கிருந்து வந்தது?

தம்பி: மெமரியிலிருந்து சார், ராம் இருக்கிறதே அதிலிருந்து. அதில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விலாசம், விலாசத்தைச் சொல்வது கம்பிகள். ஒரு கம்பிக்கு இரண்டு நிலைதான், மின்சாரம் உண்டு அல்லது இல்லை. பத்துக் கம்பி போட்டால் 1024 விலாசம் கிடைக்கும். ஆயிரத்தோடு நிறுத்தினால் 24 விலாசம் வீண். ஆயிரத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அதையே கிலோ என்று கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்கு மெமரி இருந்த அளவுக்கு அது யாருக்கும் உறுத்தவில்லை.

பெரியவர்: பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் கூப்பிட்டுவிடுவதா? மேல்மருவத்தூர் தாண்டியதுமே திண்டிவனம் வந்துவிட்டது என்று இறங்கச் சொல்கிற கண்டக்டர் புத்தி. சரி, ஹார்ட் டிஸ்க்குக்கும் அந்தக் கம்பி உண்டா?

தம்பி: அந்தக் கட்டாயம் அதற்கு இல்லை சார். சுழலும் தட்டு, அதில் வட்டம் வட்டமாகத் தடம், தடத்தில் செக்டார். எத்தனை கொள்ளுமோ அத்தனை. அதனால் ஆரம்பத்திலிருந்தே ஆயிரக் கணக்குதான். நீங்கள் 1956 சொன்னீர்களே, அதே வருஷம்தான் ஐபிஎம் முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. ஐம்பது தட்டு, ஒவ்வொன்றும் இரண்டடி அகலம், மொத்தமும் சேர்த்து 50 லட்சம் எழுத்துதான் கொள்ளும். 50 லட்சம் என்று முழு எண்ணாகத்தான் சொன்னார்கள்.

பெரியவர்: பார், நேர்மையான வருஷம். அப்புறம் எப்போது கெட்டது?

தம்பி: கெட்டதற்கு ஃபிளாப்பி நல்ல சாட்சி சார். 1.44 எம்பி என்று எழுதியிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? உள்ளே 14 லட்சத்து 74 ஆயிரத்து 560 பைட். ஆயிரக் கணக்கில் பார்த்தால் 1.47 வர வேண்டும். 1024 கணக்கில் பார்த்தால் 1.41 வரும்.

பெரியவர்: 1.44 எந்தக் கணக்கு?

தம்பி: 1440 கேபி சார். கேபிக்கு 1024 போட்டார்கள், அதை எம்பி ஆக்கும்போது 1000 போட்டார்கள்.

பெரியவர்: (எழுந்து நிற்கிறார்) ஒரே பொருளில் இரண்டு கல்லா! என் ஆபீஸ் பூராவும் அந்த ஃபிளாப்பிதான் இருந்தது தம்பி. முத்திரைக் கணக்கையே அதில்தான் ஏற்றி வைத்திருந்தோம். துறையின் மூக்குக்குக் கீழேயே... (உட்காருகிறார்) யாருமே தட்டிக் கேட்கவில்லையா?

தம்பி: 1998-லேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்கு மெபிபைட், டெபிபைட் என்று தனிப் பெயர்களே வைத்துவிட்டது. கிலோ, மெகா எல்லாம் ஆயிரக் கணக்குக்கு மட்டும் என்றார்கள். யார் கேட்டார்கள்? கடைக்கு வந்து எனக்கு ஒரு டெபிபைட் கொடு என்று ஒருத்தர் கூட இதுவரை சொன்னதில்லை.

பெரியவர்: கோர்ட்டுக்கு?

தம்பி: போனார்கள், அமெரிக்காவில். 2006-ல் ஹார்ட் டிஸ்க் செய்கிற வெஸ்டர்ன் டிஜிட்டல் சமரசம் செய்துகொண்டது, வாங்கியவர்களுக்கு பேக்கப் எடுக்கிற சாஃப்ட்வேர் இலவசம். தப்பு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.

பெரியவர்: இடம் குறைகிறது என்று வழக்குப் போட்டவனுக்கு இருக்கிற இடத்தையும் அடைக்க ஒரு சாஃப்ட்வேர். வக்கீலுக்கு?

தம்பி: பணம் சார்.

பெரியவர்: அது எந்த ஊரிலும் குறையாது.

தம்பி: அடுத்த வருஷம் சீகேட். அவர்கள் கொஞ்சம் மேல், 5 சதவீதம் திருப்பித் தருகிறோம், இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதிலிருந்து எல்லாரும் உஷாராகிவிட்டார்கள். உங்கள் பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி.

பெரியவர்: (பூதக்கண்ணாடி) '1 ஜிபி என்பது நூறு கோடி பைட்.' ஆங்கிலத்தில் போட்டிருக்கிறான். எழுத்தின் உயரம் போதாது, அதற்கே தனியாக எழுதலாம்... ஆனால் எழுதியிருக்கிறான். ம்.

தம்பி: ஒரு பென் டிரைவ் வழக்கில், 2020-ல், அமெரிக்காவில் ஒரு மாவட்ட நீதிமன்றம் அந்த மாதிரி வரியைக் காட்டித்தான் சான்டிஸ்க் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

பெரியவர்: சரி, மூட்டைக்காரனை விடுதலை செய்கிறேன். கல்லுக்காரனைப் பிடிப்போம். ஒழுங்கான கல் எவனிடமாவது இருக்கிறதா?

தம்பி: ஆப்பிளில் இருக்கிறது சார். 2009-லிருந்து மேக்கில் ஆயிரக் கணக்கு. இதே டிஸ்க்கை அதில் மாட்டினால் 1 டெராபைட் என்றே காட்டும்.

பெரியவர்: அந்த 69 ஜிபியும் திரும்பி வந்துவிடுமா?

தம்பி: கண்ணுக்கு வரும் சார். படம் ஏற்றினால் அதே எண்ணிக்கைதான் கொள்ளும், ஏனென்றால் அங்கே உங்கள் படங்களும் ஏழு சதவீதம் பெரிசாகத் தெரியும்.

பெரியவர்: மேக் என்ன விலை?

(தம்பி சொல்கிறான். பெரியவர் பதில் சொல்லாமல் டீயைக் குடித்து முடிக்கிறார்.)

பெரியவர்: விண்டோஸ்காரனுக்கே நோட்டீஸ் கொடுத்துவிடலாம். விலாசம் சொல்.

தம்பி: மைக்ரோசாஃப்ட், ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா.

பெரியவர்: (எழுதப் போன பேனாவை மூடுகிறார்) என் சரகத்துக்குள் வராது. போகட்டும். வந்ததற்கு 8 ஜிபி ராம் ஒன்று கொடு, மெஷின் மெதுவாக ஓடுகிறது. அதையாவது 8 என்று காட்டுமா?

தம்பி: காட்டும் சார், ராம் 1024 கணக்கிலேயே விற்கிறது. 8 ஜிபி என்றால் 858 கோடி பைட்டுக்கு மேலேயே இருக்கும்.

பெரியவர்: (மெதுவாக) இந்த அலமாரியில் இருக்கிற ஜிபி ஒன்று, அந்த அலமாரியில் இருக்கிற ஜிபி இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பில் புத்தகம்.

தம்பி: நான் செய்ததில்லை சார்!

பெரியவர்: தெரியும், தெரியும். பயப்படாதே, நான் ரிட்டயர்டு. கடைசியாக ஒன்று. வீட்டு இன்டர்நெட்டில் 100 எம்பி வேகம் என்று சொல்லிப் பணம் வாங்குகிறான், டவுன்லோட் பண்ணினால் 12-க்கு மேல் ஏறுவதே இல்லை. இதுவும் அந்த 1024 தானா?

தம்பி: (விளக்க வாய் திறக்கிறான், வேகத்தைச் சொல்வது பிட்டில், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்று தொடங்கினால் இன்றைக்குக் கடை மூட ராத்திரி ஆகிவிடும் என்பது உறைக்கிறது) அது வேற கேஸ் சார், நம்ம டிபார்ட்மென்ட் இல்லை. இதே வரிசையில் நாலு கடை தள்ளி ஒரு பிராட்பேண்ட் ஏஜென்ட் இருக்கிறார். ரொம்ப நன்றாக விளக்குவார்.

பெரியவர்: கடையில் இருப்பாரா இப்போது?

தம்பி: இருப்பார் சார், மெதுவாகப் பார்த்துப் போங்கள், வழியெல்லாம் வயர்.

(பெரியவர் படி இறங்கியதும் தம்பி போனை எடுக்கிறான்.)

தம்பி: மச்சான், பூதக்கண்ணாடியோடு ஒருத்தர் வருகிறார். ஷட்டரை இறக்கு.